ஆட்டோவிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை

என் குரலைப் பற்றிக் கீழ்வேளூர் வட்டாரத்தில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? கடைத்தெருவில் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு ஒலிப்பதிவுக் கடை இருக்கிறது. ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர், வெளிச்சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை. யாராவது இறந்துபோனாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும், குழாயில் குடிதண்ணீர் நின்றுபோனாலும், கோயிலில் அன்னதானம் போட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். நானே எழுதி, நானே பேசிப் பதிவு செய்து கொடுப்பேன். என் வீட்டுக்காரர் சாமிதுரை, ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அதை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டு போவார்.

இறப்புச் செய்திதான் என் கைவரிசை. "மீளாத் துயரத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று நான் இழுத்தால், செத்தவரோடு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட மாலை வாங்கக் கிளம்பிவிடுவான். ஒரே ஒரு சங்கடம், நான் வேறு எதைப் பேசினாலும் அந்தச் சாயல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை சொட்டு மருந்து முகாமுக்குப் பேசினேன். எந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சோ என்று தாய்மார்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஓடிவந்த எல்லாக் குழந்தைக்கும் மருந்து ஊற்றியாகிவிட்டது. அதனால் அதை நான் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கதையும் எழுதுவேன். சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன, கிளை நூலகத்தில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். பெண்கள் எடுக்கிற கடினமான முடிவுகள்தான் என் கதைப்பொருள். என் கதாநாயகி வேண்டாத கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்வாள். கடைசிப் பத்தியில் வெட்டாற்றங்கரையில் நின்று அழுவாள். வாசிக்கிறவர்களும் அழுவார்கள். பெரிய முடிவு என்றால் அழுகை இல்லாமல் எப்படி?

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை, கோவிந்தராசு அண்ணன் தன் மகள் செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அவர் பக்கத்து ஊரில் விவசாயம் செய்கிறவர். சொந்த அண்ணன் இல்லை, அப்பா காலத்துப் பழக்கம். செவ்வந்தி கால்நடை ஆய்வாளர். ஸ்கூட்டியில் ஊசியும் மருந்துமாகச் சுற்றி வருகிற பெண்ணை ஊரே மாட்டு டாக்டர் என்றுதான் கூப்பிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை என் வீட்டிலும் மஞ்சள் தடவிக் கிடந்தது. மணமக்களை வாழ்த்தி ஒரு பதிவு போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"கல்யாணம் இல்லைன்னு சொல்லணும் தங்கச்சி" என்றார் அண்ணன்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் மனசுக்குள் ஒரு கதை முளைத்துவிட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மாப்பிள்ளை என்ன பண்ணினான்? குடியா? வேறு பெண்ணா? எதுவும் இல்லையாம். செழியன் கும்பகோணத்தில் வங்கி வேலை பார்க்கிற தங்கமான பையன் என்று செவ்வந்தியே சொன்னாள். நிச்சயமான நாளிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்வான். சாப்பிட்டீர்களா என்று கேட்பான். இவள் சாப்பிட்டேன் என்பாள், நீங்கள் என்பாள். அவன் சாப்பிட்டேன் என்பான். அதற்கப்புறம் அவன் வீட்டு மின்விசிறி சுற்றுகிற சத்தம் இவளுக்குக் கேட்கும்.

"அவரு போன் வந்தாலே ஒரு மாடு கன்னு போடுதுன்னு சொல்லி வெச்சிடறேன் அத்தை" என்றாள். "நேத்து உக்காந்து யோசிச்சேன். நான் சொன்ன கணக்குக்கு இந்தப் பக்கம் அவ்வளவு மாடே கிடையாது."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. முந்தின நாளே செழியனிடம் சொல்லிவிட்டாளாம். அவன் சரி என்றானாம். தன் தங்கை கயல்விழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தங்கள் குடும்பத்தின் மேல் பழி வராதபடி சொல்லிவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டானாம். செவ்வந்தியின் அம்மா மலர்க்கொடியோ, அப்பாவும் மகளும் என்ன முடிவு பண்ணினாலும் பலகாரத்துக்கு மாவு இடிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது ஊர். அண்ணன் தாம்பூலத்தட்டோடு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தவர். அதே வாசல்களில் போய் நின்று இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. போனில் சொன்னால் ஒவ்வொருத்தரும் ஏன், ஏன் என்று குடைவார்கள். ஆட்டோவிடம் யாரும் ஏன் என்று கேட்க முடியாது. அது சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால்தான் என்னிடம் வந்திருந்தார்.

ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்திருந்தார். அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்காமல் என் மைக்கைப் பார்த்துச் சொன்னார்.

"நான் தலை குனியாம கேக்கற மாதிரி ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. அப்படி ஒண்ணு அமைஞ்சா கல்யாணம் நிக்கட்டும். அமையலைன்னா ஞாயித்துக்கிழமை இவ கழுத்துல தாலி ஏறும்."

ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தூக்கி என் பேனாவின் தலையில் வைத்துவிட்டார் மனுஷன். கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம் அது.

எழுத உட்கார்ந்தேன். முதலில் பட்டும் படாமலும் எழுதிப் பார்த்தேன். தவிர்க்க இயலாத காரணங்களால் ஞாயிறன்று நடைபெறவிருந்த திருமணம் ரத்து செய்யப்படுகிறது, அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். செவ்வந்தி வாங்கிப் படித்துவிட்டு, கரண்ட் கட் அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்றாள். அது போகட்டும், தவிர்க்க இயலாத காரணம் என்று சொல்லிவிட்டால் அந்தக் காரணம் என்ன என்பதை ஊர் தானே தயாரித்துக்கொள்ளாதா என்று கேட்டாள். அது நியாயம்தான். இந்த ஊருக்கு அந்த வேலை கைவந்த கலை. சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கும், பெண்ணுக்குக் காதலன் வந்திருப்பான்.

சரி, இனி நம் வழிதான் என்று முடிவு செய்தேன். கதவைச் சாத்தினேன். மைக்கைப் போட்டேன். கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

"கனத்த இதயத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். நமதூர் கோவிந்தராசு, மலர்க்கொடி தம்பதியரின் அருமை மகள் செவ்வந்தி அவர்களின்..."

இந்த இடத்தில் ஒரு நிறுத்தம் கொடுப்பேன். அதுதான் என் முத்திரை. மூச்சை இழுத்து, தொண்டையில் கொஞ்சம் தழுதழுப்பைச் சேர்த்து, பிறகுதான் தொடர்வேன். தொடர்ந்தேன். விதியின் கை, வாடிய மாலை, பெற்றவர்களின் கண்ணீர், காலம் ஆற்ற வேண்டிய காயம் என்று எல்லாம் வந்தது. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

செவ்வந்தி மேசையில் வைத்திருந்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம்.

"இதுல யாரு மேல அத்தை தப்பு?" என்றாள்.

யார் மேலும் இல்லை, அப்படித்தானே எழுதியிருக்கிறேன் என்றேன்.

"எழுதியிருக்கீங்க. ஆனா கேட்டா யாரோ பெரிய துரோகம் பண்ணின மாதிரி இருக்கு. இவ்வளவு அழுகையைக் கேட்டா, அழவெச்சது யாருன்னு தேடமாட்டாங்களா? ஒண்ணு அவரு, இல்ல நான்." பன்னை மென்று விழுங்கினாள். "உங்க கதையெல்லாம் லைப்ரரில படிச்சிருக்கேன். கல்யாணம் வேணாம்னு சொன்ன ஒரு பொண்ணுகூட அதுல அடுத்த வேளை சாப்பிட்டதா எழுதவே இல்லையே நீங்க."

சுருக்கென்று இருந்தது. பதில் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அண்ணன் எழுந்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கேட்கும்போதே தலை தொங்கிப்போகிறது என்றார். இதைவிட நல்லதாக எழுத இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை, ஆக வார்த்தை இல்லை என்று ஆகிவிட்டது, கிளம்பலாம், சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும் என்றார்.

அந்தப் பெண் பிடிவாதம் பிடிக்கவில்லை, அழவில்லை. மிச்சப் பன்னைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். அப்பாவின் செருப்பை அவர் கால் பக்கம் திருப்பிப் போட்டாள். இரண்டு வழியும் அடைபட்ட எலி போலக் கண் மட்டும் ஒருமுறை இங்கும் அங்கும் போய் வந்தது. இத்தனை வருஷமாக எழுதுகிறேன், ஒரு பெண்ணைத் தப்பிக்கவிடுகிற மாதிரி நாலு வரி எழுத வரவில்லையே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் கதவு படாரென்று திறந்தது.

வாசலில் நின்றவர் பக்கிரி, செவ்வந்தியின் தாய்மாமன். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். காலில் செருப்பு இல்லை. கையில் ரோஜா மாலை. முகமெல்லாம் கண்ணீர். அவருக்குப் பின்னால் கோயில் வாசல் பூக்காரம்மா, டீக்கடைக்காரர், இன்னும் பாதிக் கடைத்தெரு. எல்லோருக்கும் பின்னால், கையில் டீ கிளாசோடு என் வீட்டுக்காரர்.

நடந்தது இதுதான். சாமிதுரை காலையில் ஆட்டோவுக்குப் புதுக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அது கத்துகிறதா என்று பார்க்கக் கடைக்குள்ளிருந்து ஒயர் இழுத்திருந்தார். பார்த்த மனுஷன் அதைக் கழற்றாமல் டீ குடிக்கப் போய்விட்டார். நான் உள்ளே பேசியது அத்தனையும் வெளியே கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. முட்டை அட்டைச் சுவருக்குள் இருந்த எங்களுக்குத்தான் கேட்கவில்லை. அத்தனையும் என்றால் அத்தனையும் இல்லை. 'செவ்வந்தி அவர்களின்' என்று நான் நிறுத்தினேன் பாருங்கள், அங்கேயே ஜனம் கிளம்பிவிட்டது. என் குரல், ஒரு பெயர், ஒரு நிறுத்தம். அதற்கு மேல் என்ன கேட்க வேண்டியிருக்கிறது? பக்கிரி நேரே பூக்கடைக்கு ஓடியிருக்கிறார்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரே பக்கிரிதான். மாப்பிள்ளை வீட்டுக்கு நாலு தடவை நடந்து, ஜாதகம் வாங்கி, பேசி முடித்தவர். ஊரில் யார் முகத்தில் விழித்தாலும் பக்கிரி முகத்தில் விழிக்க முடியாது என்றுதான் அண்ணன் அன்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

அந்தப் பக்கிரி, பன் பொட்டலத்தோடு நிற்கிற மருமகளைப் பார்த்தார். மாலை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார்.

"உசுரோடதான் இருக்கியாடி?"

"இருக்கேன் மாமா. கல்யாணம்தான் நின்னுபோச்சு."

"போய்த் தொலையட்டும் கல்யாணம்" என்றார் பக்கிரி. அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். "நீ இருக்கல்ல. அது போதும் எனக்கு."

அண்ணன் கதவுப் பக்கம் வைத்த காலை எடுத்து, திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பூக்காரம்மா செவ்வந்திக்குத் திருஷ்டி கழித்தது. இனி நூறு வயசு என்றது. செவ்வந்தி முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போட்டு, யார் என்ன சொன்னாலும் நம்பாதே, நான் நன்றாக இருக்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு அவள் போன் ஓயவே இல்லை. எடுப்பாள், நான்தான் பேசறேன் என்பாள். அந்தப் பக்கம் ஒரு ஓலம் கேட்கும். இல்லைங்க, சாகலை, கல்யாணம்தான் நின்னிருக்கு என்பாள். உடனே அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். அப்பாடா, அவ்வளவுதானா, நல்லபடியா இரும்மா என்பார்கள். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டீ வந்தது. பாதி டீ குடித்தபிறகுதான் பக்கிரிக்கு உறைத்தது. "ஆமா, என்ன சொன்னே? கல்யாணம் நின்னுபோச்சா? நான் பாத்த மாப்பிள்ளையா?" என்று குரலை உயர்த்தினார். ஆனால் போய்த் தொலையட்டும் என்று பாதிக் கடைத்தெரு சாட்சியாகச் சொல்லிவிட்டார். அதைத் திரும்ப வாங்க முடியுமா? கீழே கிடந்த மாலையைப் பார்த்தார், முறைத்தார், இன்னொரு டீ சொன்னார்.

எனக்கோ எரிச்சல் அடங்கவில்லை. ஊரை அழவைக்க நான் அரும்பாடுபட்டு எழுதியதைக் கேட்டு ஊர் அழுதது உண்மைதான். ஆனால் செத்துப்போன பெண்ணுக்காக அழுதது. கல்யாணம் நின்ற பெண்ணுக்கு அது தேவையே இல்லை போலிருக்கிறது. அவள் எடுத்தது ஒரு முடிவு. அதை நான் பாடையில் படுக்கவைத்துத்தான் தெருவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டார். இன்னொரு தரம் எழுதலாம் என்றார். நான் பேனாவை எடுத்தேன். அவர் கொஞ்சம் தயங்கி, "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி, உங்க குரல் வேணாம், நானே பேசிடறேன்" என்றார். கோபித்துக்கொண்டேன்தான். ஆனாலும் எழுதினேன். அவர் பேசுகிற மாதிரியே எழுதினேன். நான் ஒரு கண்ணீரைச் செருகப் பார்த்தபோதெல்லாம் செவ்வந்தி பக்கத்தில் நின்று அடித்துவிட்டாள். எழுதி முடித்ததை அண்ணன் செழியனுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, இது போதும் மாமா என்றான். மாமா என்று சொல்லிவிட்டதற்காக உடனே மன்னிப்பும் கேட்டான்.

மத்தியானம் ஆட்டோ அண்ணனின் ஊருக்குள் நுழைந்தது. சாமிதுரை ஓட்ட, பின்னால் அண்ணனும் நானும். வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. செவ்வந்தி எங்களுக்கு முன்னாலேயே ஸ்கூட்டியில் வந்து, தெருக்கோடியில் ஒரு கொட்டகையில் மாட்டுக்கு ஊசி போடப் போயிருந்தாள். உண்மையான மாடுதான், நானே பார்த்தேன்.

அண்ணன் மைக்கைக் கையில் பிடித்தார்.

"வணக்கம். கோவிந்தராசு பேசறேன். என் பொண்ணு செவ்வந்தி நல்லா இருக்கா. ஞாயித்துக்கிழமை வெச்சிருந்த கல்யாணம் இல்ல. மாப்பிள்ளை செழியன் நல்ல புள்ள, அவங்க குடும்பம் நல்ல குடும்பம். யாருக்கும் யார் மேலயும் வருத்தம் இல்ல. பத்திரிகை வாங்கினவங்க எல்லாரும் வீட்டுக்கு வந்து ஒரு காபி குடிச்சுட்டுப் போங்க."

சொல்லி முடித்துவிட்டார். ஆனால் தலை குனிந்தேதான் இருந்தது, காகிதத்தைப் பார்க்கிற சாக்கில். சாமிதுரை அடுத்த தெருவுக்குத் திருப்பினார். அங்கே மளிகைக்கடை ஹமீதா பானு தெருவில் இறங்கி நின்று கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்திவிட்டார். அண்ணன் முதல் நாளே பத்திரிகை வைத்த வீடுகளில் அவர் வீடும் ஒன்று.

"ஏன் அண்ணே?" என்றார் ஹமீதா பானு.

எந்த ஊரிலும் எந்த ஆட்டோவையும் நிறுத்தி யாரும் கேட்காத கேள்வி அது. சாமிதுரை இன்ஜினை அணைத்துவிட்டார். அண்ணன் காகிதத்தைப் பார்த்தார், அதில் அதற்குப் பதில் இல்லை. என்னைப் பார்த்தார். இந்த வட்டாரத்திலேயே ஈடில்லாத எழுத்துக்காரி நான், எனக்கும் ஒன்றும் வரவில்லை. மைக் ஓடிக்கொண்டே இருந்தது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். வயலில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

அண்ணன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நிமிர்ந்து ஹமீதா பானுவைப் பார்த்தார்.

"அவளுக்குப் பிடிக்கலம்மா."

இரண்டு குழாயிலும் அது ஊர் முழுக்கப் போனது. தழுதழுப்பு இல்லை, நிறுத்தம் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி, கடையைச் சாத்திட்டு வரேன். காபியில எனக்குச் சக்கரை வேணாம்" என்று ஹமீதா பானு உள்ளே போனார்.

அதற்கப்புறம் அண்ணன் காகிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தெருவிலும் யாரும் கேட்காமலே கடைசியில் அந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னார். ஹமீதா பானு உள்ளே போனதுமே நான் இறங்கி, செவ்வந்தி இருந்த கொட்டகைக்கு ஓடியிருந்தேன். செவ்வந்தி மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஊசி அப்படியே இருந்தது. தோள் குலுங்கியது.

பார்த்தாயா, கடைசிப் பத்தியில் அழுதுவிட்டாள் என்று எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம். ஆனால் வெட்டாற்றங்கரையில் நான் நிற்கவைத்த எந்தப் பெண்ணும் இப்படி அழுததில்லை. தன் மனசில் இருந்ததை அப்பாவின் வாய் ஊரறியச் சொல்லிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். மாட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், மாட்டுக்கு ஏதும் ஆபத்தா என்று கேட்டார்.

அவள் முகத்தை நிமிர்த்தினாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊசியைப் போட்டு முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பசிக்குது அத்தை, அந்தப் பன்னைக் கடையிலயே விட்டுட்டேன்" என்றாள்.